அரசி உட்கார்ந்த மடிப்பு

தலையில்லாத துணிப் பொம்மை ஒன்றிடம் நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், குடிக்காமல். நாலு புத்தகம் படித்தவன் என்று நம்பிப் பெண் கொடுத்த என் மாமனாருக்கு இது இன்றுவரை தெரியாது.

காரணம் அந்துருண்டை அண்ணன். கோயமுத்தூர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள்; அந்த மரியாதையை உயிரில்லாதவற்றுக்கும் பாகுபாடின்றி வழங்கியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். சட்டைப்பை நிறைய அந்துருண்டை வைத்திருப்பார். அவர் தெருமுனை திரும்பும்போதே நமக்கு மூக்கடைப்பு நீங்கிவிடும். முன்பு ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். வாசல் பொம்மையைப் பார்த்து, "அம்மணி, வெய்யில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று தூக்கிக்கொண்டு வந்ததில் அந்த வேலை போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஊர் அருங்காட்சியகம் ஒன்றில், தொலைக்காட்சியில் ஓடி முடிந்த ஒரு சரித்திரத் தொடரின் உடைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். மில் கழிவுப் பஞ்சு அடைத்த எட்டுப் பொம்மைகள், இரும்புக் கம்பியில் மாட்டி நிறுத்தப்பட்டிருந்தன. தலை கிடையாது. காவலுக்கு அந்துருண்டை அண்ணன். விளக்க அட்டை எழுத நான். செருப்பை வாசலில் விட வேண்டும், உடைகளைத் தொட்டால் வேலை போகும்: காப்பாட்சியரின் சட்டங்கள் இவ்விரண்டே.

மூன்றாம் நாள் கவனித்தேன். அரசியின் பட்டில், பின்பக்கம், உட்கார்ந்து எழுந்தது போல ஒரு மடிப்பு. காப்பாட்சியரே தம் கையால் தினமும் காலையில் இஸ்திரி போடும் பட்டு அது. மறுநாளும் மதியத்துக்கு மேல் அதே மடிப்பு. எனக்குள் இருந்த எழுத்தாளன் விழித்துக்கொண்டான். ‘அரசி உட்காருகிறாள்’ என்று ஒரு மாலைப் பத்திரிகையில் எழுதினேன். துடியலூரிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்த கும்பல், அரசியின் முகம் இருக்க வேண்டிய இடத்தைக்கூடப் பார்க்காமல் நேரே பின்பக்கம் போய் நின்றது.

அன்று மாலை அண்ணன் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சார், இப்படி எழுதிப்போட்டீங்களே. நாந்தானுங்க உக்கார வெக்கறது."

"எதுக்குங்க?"

"பொளுதுக்கும் நின்னா கால் கடுக்காதுங்களா? சாப்பாட்டு நேரத்துல என்ற நாற்காலில ஆளுக்கு அஞ்சு நிமிசம். இருக்கறது ஒரே நாற்காலிதானுங்களே."

காப்பாட்சியரும் பத்திரிகை படிப்பவர். மறுநாள் காலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத் தானே பூட்டப்போவதாக அண்ணனிடம் சொன்னார். "இன்னிக்கு மடிப்பு விழலைன்னா, இத்தன நாளும் விழ வெச்சது உன்ற கைதான். ஊட்டுக்குக் கெளம்பு." ஐம்பது வயதில், பொம்மைக்கு நிழல் கொடுத்து வேலையிழந்தவருக்கு இன்னொரு வேலை யார் தருவார்கள்?

பரிகாரமாக, யாரிடமும் சொல்லாமல் உள்ளே கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அரசியை நானே உட்கார வைத்துவிடுவது என்று திட்டம். பூட்டு விழுந்தது. திரையை விலக்கினால் எட்டுக் கழுத்துகள். தலையில்லாதவர்களால் நம்மைப் பார்க்க முடியாது என்பது தர்க்கம். அவர்கள் பார்த்தார்கள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, தெரியாம எழுதிப்போட்டேனுங்க" என்று அரசியிடம் சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். மின்விசிறி ஓடவில்லை, பட்டு அசைந்தது. திரைக்குள் பாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். ஏழு பதினாறில் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அதற்குமேல் எனக்குக் கணக்கு வரவில்லை.

கதவு திறந்தது; காப்பாட்சியரோடு கும்பலும் உள்ளே வந்தது. அரசி கம்பியில்தான் நின்றாள். பின்பக்கம், புதிதாக, ஆழமாக மடிப்பு. காப்பாட்சியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து மறுபடியும் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "நீங்க இருந்துக்குங்க" என்றார். ‘உன்ற’ போய் ‘நீங்க’ வந்துவிட்டது.

கும்பலோடு கலந்து வெளியே நழுவினேன். வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன், மடியில் விரித்திருந்த துண்டை விலக்கினார். உள்ளே என் செருப்பு. சட்டத்தை மதித்து, அதை வாசலில் விட்டுவிட்டு ஒளிந்திருக்கிறேன்!

"சத்தியமா நான் தொடலைங்கண்ணா" என்றேன்.

"தெரியுமுங்க. அம்மா அவங்களா உக்காந்துக்குவாங்க, அதுல எனக்கொண்ணும் கவலையில்லீங்க. நீங்க ஒரு மணி நேரமா நின்னுட்டே இருப்பீங்களேன்னுதான் எனக்குச் சோறே எறங்கலை. உள்ள நாற்காலி ஒண்ணுதானுங்களே!"