செக்கண்ணன் வீட்டு டைல்ஸ்

உலகத்தில் எண்ணெயால் தீராத பிரச்சினையே கிடையாது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தெரு செக்கண்ணன்தான். கள்ளக்குறிச்சியில் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். தலைவலி என்றால் எண்ணெய், கதவு கிரீச்சிட்டால் எண்ணெய், அண்ணன் தம்பிக்குள் சண்டை என்றால் ஆளுக்கொரு படி எண்ணெய். ஒருமுறை என் சைக்கிள் பிரேக் சத்தம் போடுகிறதென்று அதிலும் ஊற்றிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் நிற்காமல் போய்ச் சேர்ந்தேன்.

அவர் மனைவி வசந்தாக்கா கல்யாணமான நாளிலிருந்து கடைக்குப் பின்னால் ஒரு இருட்டறையில்தான் சமைத்தார். புகையும் எண்ணெயும் சேர்ந்து சுவரில் பிசுக்காகப் படியும். சுடுதண்ணீரும் சாம்பலுமாகத் தேய்த்தே அக்காவின் விரல்கள் வெடித்துப்போயின. சின்னசேலத்திலிருந்து வரும் அவருடைய தம்பி, சுவரில் ஒரு விரலை இழுத்துப் பார்த்து, "எண்ணெக் கடைக்காரர் வூட்டுல வேற இன்னா இருக்கும், பிசுக்குதான்" என்பான். அக்கா முகம் சுண்டிவிடும்.

அதனால்தான் புது வீடு கட்டியபோது, தெருவிலேயே முதலாவதாக, சமையலறைச் சுவருக்கு வெள்ளை டைல்ஸ் என்று செக்கண்ணன் முடிவெடுத்தார்.

"ஒரு தொட தொடச்சா போயிடணும். அவ இனிமே செவுரு தேய்க்கக் கூடாது."

டைல்ஸ் வந்து இறங்கிய கையோடு இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிவிட்டது. சாலையெல்லாம் மறியலுக்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் கிடந்தன. சர்க்கரை ஆலைக் குமாஸ்தாவான எனக்கு மூங்கில்துறைப்பட்டு போக பஸ் இல்லை. செக்கண்ணன் வீட்டில் வேடிக்கை பார்க்கப் போனேன்.

மேஸ்திரி ஒரு வரிசை ஒட்டினார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அத்தனையும் வழுக்கித் தரைக்கு வந்துவிட்டது. மறுபடி ஒட்டினார், மறுபடி விழுந்தது. சிமெண்ட்டைத் திட்டினார், டைல்ஸைத் திட்டினார், என்னை முறைத்தார். கடைசியில் சுவரில் மூக்கை வைத்தார்.

"இன்னாங்க, செவுரு நல்லெண்ண வாசன அடிக்குது?"

செக்கண்ணன் அசரவில்லை. "நாந்தான் தடவனேன். புது தோசக்கல்லுக்கு எண்ண தடவிப் பழக்கறதில்லியா? பூச்சு வெடிக்கக் கூடாதுன்னு ஜாஸ்தியாவே தடவனேன்."

மேஸ்திரி கரணையைக் கீழே வைத்தார். "அப்புறம் டைல்ஸு இன்னாத்தப் புடிச்சிக்கினு நிக்கும்? பால் காய்ச்சறதுக்குள்ள ஆவாதுங்க."

வசந்தாக்கா எட்டிப் பார்த்து, "வுடுங்க, நானே தேச்சிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை செக்கண்ணனைக் கிளப்பிவிட்டது.

"எண்ண தேச்சா அப்புறம் இன்னா பண்ணுவோம்? சீயக்கா போட்டுக் குளிப்பாட்டுவோம். எடுத்துக்கினு வாங்க."

பஸ் இல்லாமல் முடங்கிக் கிடந்த தெரு ஆண்கள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரைத் தேய்த்தோம். நுரை தெருவுக்கு ஓடியது. செக்கண்ணன் ஜன்னலோரத்தைக் காட்டி, "காதுக்குப் பின்னால நல்லா தேயிங்க" என்று மேற்பார்வை பார்த்தார்.

காய்ந்ததும் மேஸ்திரி மோந்து பார்த்தார். "வாசன கம்மி. ஆனா உள்ள எறங்குனது போவலீங்க. கொத்திதான் ஆவணும்."

ஆளுக்கொரு உளியோடு அந்தப் பூச்சையே பெயர்த்தோம். சொரசொரப்பாகப் புதுப் பூச்சு போட்டு ஒட்டிய டைல்ஸ் நின்றது. செக்கண்ணன் ஓங்கி அறைந்து பார்த்தார், அப்போதும் நின்றது. எல்லாம் சீயக்காய் மகிமை என்று கடைசிவரை சாதித்தார்.

பால் காய்ச்சும் நாளில் மச்சினன், வெட்டிப் போட்ட மரங்களின் மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்து வந்து சேர்ந்தான். வந்ததும் டைல்ஸில் விரலை இழுத்தான். விரலைப் பார்த்தான். வேறு இடத்தில் இழுத்தான்.

"எல்லா வெரலும் இழுத்துப் பாரு மாப்ள" என்றார் செக்கண்ணன்.

"நல்லாத்தான் கீது மாமா" என்றான், வேறு வழியில்லாமல். தெருவே சிரித்தது.

பால் பொங்கி டைல்ஸில் தெறித்தது. வசந்தாக்கா முந்தானையால் ஒரே இழுப்பில் துடைத்தார். அப்புறமும் அந்த இடத்தில் கையை வைத்தபடியே நின்றார். செக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்டாட்டியின் விரல்களுக்காக ஊர் முன்னால் கோமாளியாக நின்ற இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.