சின்னதைக் காரில் வைத்திருந்தேன்

ஒரு மனிதனின் நல்ல பெயரைக் கெடுக்க இரண்டாவது பெண் தேவையில்லை. இரண்டாவது கைப்பேசி போதும். அரசாங்க ஊழியத்தில் இருந்த காலம் முழுவதும் என் மீது ஒரு விசாரணைகூட வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, ஸ்கூடாயில் என் சொந்த வீட்டுச் சமையலறையில், மகளுக்குப் பரிசம் போடும் நாளில், கொதிக்கும் கேசரிக்கு முன்னால் நிற்கவைத்து விசாரிக்கப்பட்டேன்.

நான் ஜொகூர் மாநில அரசாங்கத்தில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவன். நாற்காலியோ, புல்வெட்டும் இயந்திரமோ, பெரிய அதிகாரியின் அறைக்குத் திரைச்சீலையோ, எதுவானாலும் விலை கேட்டு, ஒப்பிட்டு, குழு கூட்டி, காரணம் எழுதி, அதன் பிறகுதான் வாங்குவோம். வாங்கி முடிப்பதற்குள் திரைச்சீலை கேட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார். அது வேறு விஷயம். முறை முக்கியம்.

எங்கள் குடும்பத்தில் அரசியலால் பிளவு வந்ததில்லை, கோவில் நிர்வாகத்தால் வந்ததில்லை (கொஞ்சம் வந்தது, சமாளித்துவிட்டோம்). கைப்பேசியால்தான் வந்தது. என் மனைவி விமலாவின் தம்பி சேகர், தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன், ஐபோன் கட்சிக்குத் தலைவன். ஆண்ட்ராய்டு கட்சிக்கு நான் தலைவர். என் கட்சியில் உறுப்பினரும் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கையில் ஆண்ட்ராய்டு இருந்ததே தவிர மனத்தில் கொள்கை இல்லை. தீபாவளிக்கு முறுக்குத் தட்டை நீட்டினால்கூட நான் அதோடு ஒரு சொற்பொழிவையும் சேர்த்து நீட்டுவேன். ‘ஒரே கம்பெனிக்காரன் போட்ட வேலிக்குள்ள மேயறதுக்குப் பேரு சுதந்திரமா?’ என்று கேட்பேன். போன தீபாவளியில் சூடு ஏறி, சபை நடுவில் சபதமே போட்டுவிட்டேன்.

“டேய் சேகர், அந்த ஐபோன என்னைக்காவது என் கை தொட்டுச்சுன்னா பாதி மீசைய எடுத்துக்குறேன்டா!”

“பாதி எதுக்கு மாமா? எடுக்கறதுன்னு ஆனா முழுசா எடுங்க, அலங்கோலமா இருக்கும்” என்றான் அவன்.

அதன் பிறகுதான் என் பழைய கைப்பேசி தள்ளாட ஆரம்பித்தது. படம் எடுக்கச் சொன்னால், எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. புதிதாக ஒன்று வாங்கவேண்டும். நேரே கடைக்குப் போய் இன்னொரு ஆண்ட்ராய்டை வாங்கிவந்திருக்கலாம். மானமுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் எதிர்த்தரப்பைச் சோதிக்காமல் தீர்ப்பு எழுதினால் தணிக்கைக்காரன் கேள்வி கேட்பானே? (ஓய்வு பெற்றவனை எந்தத் தணிக்கைக்காரன் கேட்கப் போகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். என் தணிக்கைக்காரன் என் மண்டைக்குள்ளேயே குடியிருக்கிறான். அவனுக்கு ஓய்வு வயது கிடையாது.) ஆகவே, யாருக்கும் தெரியாமல், ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய ஓர் ஐபோனைக் கடையில் வாங்கினேன். இரண்டையும் அன்றாட வேலையில் வைத்துச் சோதிப்பது, எது தேறுகிறதோ அதை வைத்துக்கொள்வது, தோற்றது ஐபோன் என்றால் சத்தமில்லாமல் விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். வென்றது ஐபோன் என்றால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. அப்படி நடக்காது என்பது என் கொள்கை.

சோதனையைக் கண்டிப்பாக நடத்தினேன். தமிழில் தட்டெழுத எது வசதி, கண்ணாடி இல்லாமல் எதைப் படிக்கலாம், கோவில் கருவறை இருட்டில் எது ஒழுங்காகப் படம் எடுக்கிறது, எது சீக்கிரம் பசியெடுத்து மின்சாரம் கேட்கிறது என்று எல்லாம் பார்த்தேன். ஐபோனைக் காரில் ஒளித்துவைத்திருந்தேன். காலையில் திடலில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, காருக்குள் உட்கார்ந்து சோதிப்பேன். அது முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும் என்பதால், முகம் ஒழுங்காக இருக்கவேண்டுமே என்று கிளம்பும் முன் தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று, அதற்குப் பழக்கமான அந்த லேசான புன்னகையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வேன்.

“நடக்கப் போறதுக்குப் பவுடரா?” என்று விமலா ஒருநாள் கேட்டாள்.

“வெயில்” என்றேன். அப்போது சூரியன் உதித்திருக்கவில்லை.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் யோங் பெங்கில் இருக்கும் ராமையா. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் கைப்பேசி வாங்கவேண்டியிருந்தது. என் முடிவுக்காகக் காத்திருந்தார். பரிசத்தன்று காலையில், “என்னாச்சு லா, எது தேறுச்சு?” என்று செய்தி அனுப்பினார். ஐஸ் கட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அந்த வாரம் என் எண்ணையே ஐபோனுக்கு மாற்றியிருந்தேன்; பழையது ஊரை ஏமாற்றுவதற்காகச் சட்டைப்பையில் சும்மா இருந்தது. அரசாங்க வழக்கப்படி, பொருளின் பெயரை வாயால் சொல்லாமல் குரல் பதிவு செய்தேன்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, வீட்ல தெரியாது. பழசு நல்லதுதான், நான் குறை சொல்லல. என்கிட்ட இத்தனை வருஷம் அடிபட்டு உழைச்சிருக்கு. ஆனா வயசாயிடுச்சு லா. ஒண்ணு கேட்டா நின்னு யோசிக்குது. கொஞ்சம் வேலை கொடுத்தா சூடாயிடுது. சின்னது அப்படி இல்ல. தொட்டாப் போதும், புரிஞ்சுக்குது. என் மூஞ்சியப் பாத்தாலே மலர்ந்துடுது. செலவுதான், அலமாக், ஐயோ, கேக்காதீங்க. இப்போதைக்குக் கார்லயே வச்சிருக்கேன். பரிசம் முடியட்டும். அப்புறம் பழச யாருக்காவது கொடுத்துட்டு, சின்னத வீட்டுக்குக் கொண்டாந்துடலாம்னு பாக்குறேன்.”

அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அது ராமையாவுக்குப் போகவில்லை. பட்டியலில் அவருக்கு மேலே இருந்த ‘தர்ஷினி – கவின் கல்யாணம்’ என்ற புலனக் குழுவுக்குப் போயிருந்தது (வாட்சப் குரூப் என்றால்தான் எங்கள் வீட்டில் புரியும்). தர்ஷினி என் மகள். கவின் பண்டார் தெங்காராவிலிருந்து வரவிருந்த மாப்பிள்ளை. இரண்டு வீட்டு ஆட்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். தேவையற்ற செய்திகள் அனுப்பக்கூடாது என்று அதற்கு விதிமுறை எழுதிப் போட்டவனும் நான்தான்.

பதறிப்போய் நீக்கினேன். ‘எனக்கு மட்டும் நீக்கு’, ‘அனைவருக்கும் நீக்கு’ என்று இரண்டு வழி இருந்தது. என் கட்டைவிரல் முதலாவதைத் தொட்டது. திரையிலிருந்து பதிவு மறைந்தது. ஆபத்து நீங்கியது என்று நிம்மதியாகப் போய் ஐஸ் வாங்கிக்கொண்டு, ஒரு பாட்டையும் முணுமுணுத்தபடி வீட்டுக்குள் நுழைந்தேன்.

சமையலறையிலிருந்து என் குரல் கேட்டது. நான் வாசலில் நிற்கும்போது என் குரல் எப்படி உள்ளே பேசுகிறது?

“…தொட்டாப் போதும், புரிஞ்சுக்குது…”

விமலா அடுப்பை அணைத்தாள். கேசரிக் கரண்டி கையிலேயே இருந்தது.

“யாருங்க அந்தச் சின்னது?”

கூடத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சேகர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தான். அவனைப் பார்த்ததும் தீபாவளிச் சபதம் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் மீசை போகும். மீசை போனால் பரவாயில்லை; இத்தனை வருடக் கொள்கை போகும். ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், சின்ன வீடு என்ற குற்றத்தையே ஒப்புக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். அதற்காவது ஊரில் முன்னுதாரணம் இருக்கிறது.

“அது வந்து… ஆபீஸ் விஷயம்” என்றேன்.

“ரிட்டயர் ஆனவருக்கு ஏது ஆபீஸ்?”

“மாமா, கார்லயா வச்சிருக்கீங்க?” என்றான் சேகர். அவன் குரலில் அதிர்ச்சியோடு கொஞ்சம் மரியாதையும் இருந்ததாக எனக்குப் பட்டது.

அதற்குள் தர்ஷினி பாதி அலங்காரத்தோடு ஓடிவந்தாள். ஒரு கண்ணுக்குத்தான் மை போட்டிருந்தாள்.

“அப்பா! கவின் போன் பண்ணாரு. வேன் பாதி வழியில, கூலாய்ல பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்குதாம். அவங்க அம்மா கேட்டுட்டாங்க. ‘இப்படிப்பட்ட வீட்ல பொண்ணு எடுக்கணுமா’ன்னு தட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களாம்!” கையிலிருந்த மைக்குச்சியை என் பக்கம் நீட்டினாள். “என்னப்பா செஞ்சீங்க?”

மகளின் கல்யாணம் கூலாயில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. இனிமேல் மீசையாவது கொள்கையாவது. ஆனாலும் படித்தவன் புத்தி போகுமா? நேராக உண்மையைச் சொல்லாமல் இலக்கணத்தின் பின்னால் ஒளிந்தேன்.

“விமலா, கொஞ்சம் கவனி. நான் என்ன சொன்னேன்? ‘யோசிக்குது’, ‘புரிஞ்சுக்குது’. எல்லாம் அஃறிணை! பொம்பளையப் பத்திப் பேசினா உயர்திணையிலதானே பேசியிருப்பேன்?”

விமலா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“என்னப் பத்தி என்னைக்கு நீங்க உயர்திணையில பேசியிருக்கீங்க?”

சேகர் தோரணத்தைப் பார்த்தான். தர்ஷினி என்னைப் பார்த்தாள்.

“கடையில, ‘அது இந்த மிளகாத்தூள்தான் வாங்கச் சொல்லுச்சு’ம்பீங்க. டாக்டர்கிட்ட, ‘அதுக்கு முட்டி வலிக்குது’ம்பீங்க. பக்கத்து வீட்டுப் பூனை வந்தா மட்டும், ‘ஐயா வந்துட்டாரு’ம்பீங்க.”

கையில் உருகிக்கொண்டிருந்த ஐஸ் பையைக் கீழே வைத்தேன்.

“உங்களுக்கு ரெண்டாவது வீடு இருக்கும்னு நான் நம்பல” என்று அவளே தொடர்ந்தாள். “மூணு இடத்துல விலை கேக்காம நீங்க ஒரு தொடப்பம்கூட வாங்கமாட்டீங்க. ஆனா குரூப்புல இருக்குற அத்தனை பேரும், ‘பழசு’ன்னா அது நான்தான்னு நினைச்சிட்டாங்க பாருங்க, ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரல. அது எப்படி?”

நான் காருக்குப் போனேன். ஐபோனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். சேகர் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கூடத்துக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அக்கா சிரிக்கவில்லை. ஐபோனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பயத்தில் வெளிறிப் போயிருந்த அந்த முகத்தையும் அது அடையாளம் கண்டு உடனே ஒளிர்ந்தது.

“மலர்ந்துடுச்சு” என்றாள் விமலா.

பிறகு தன் கைப்பேசியில் சம்பந்தியம்மாளைக் காணொளியில் அழைத்தாள். திரையில் வேன் முழுவதும் தெரிந்தது. பட்டுப்புடவைகள், பழத்தட்டுகள், பின் இருக்கையில் எட்டிப் பார்க்கும் தலைகள். நடுவில் கவினின் அம்மா கமலம் அம்மாள், கல்போல.

“சம்பந்தி, வேன எடுக்கச் சொல்லுங்க. அந்தச் சின்னது ஒரு போனு.”

“போனா? என்ன போனு?”

“ஐபோன்.”

“ஐபோனா? அண்ணன்தான் அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தப்பகூட ஒரு மணி நேரம் அத திட்டினாரே?” அவருக்குச் சின்ன வீட்டை நம்புவது சுலபமாக இருந்தது, இதைத்தான் நம்பமுடியவில்லை. “காட்டச் சொல்லுங்க. ரெண்டையும் காட்டச் சொல்லுங்க.”

காட்டினேன். இடது கையில் பழையது, வலது கையில் புதியது. இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியனாக, ஒரு வேன் நிறைய உறவினர்களுக்கு முன்னால் நின்றேன். “இது பழசு. இது சின்னது” என்று அறிமுகப்படுத்தினேன்.

“மாமா, அப்படியே முருகன் படம் மாதிரி இருக்கீங்க” என்றான் சேகர் பின்னாலிருந்து.

வேனுக்குள் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வேனே குலுங்கியது. கமலம் அம்மாள் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்து, “டிரைவர், போலாம்” என்று சொன்னதைக் கேட்டதும்தான் தர்ஷினி இரண்டாவது கண்ணுக்கு மை போடப் போனாள்.

வேன் வருவதற்குள் மீசையை எடுத்துவிட்டேன். முழுசாகத்தான். வாசலில் கமலம் அம்மாள் என்னைப் பார்த்ததும், “ஏண்ணே, மீசையும் பழசாயிடுச்சா?” என்றார். பரிசப் படங்கள் எல்லாவற்றிலும் உரித்த முட்டை மாதிரி ஒருவர் நிற்கிறார். அவர் யார் என்று கேட்பவர்களுக்கு, பெண்ணின் அப்பா என்று விளக்கவேண்டியிருக்கிறது.

எது தேறியது என்று ராமையா இன்னும் கேட்கிறார். சோதனை அன்றோடு முடிந்துவிட்டது. “பழச யாருக்கும் கொடுக்க வேணாம், நீங்களே வச்சுக்குங்க” என்று விமலா சொன்னாள். “சின்னது என்கிட்ட இருக்கட்டும்.” ஐபோன் இப்போது அவளுடையது. நான் தள்ளாடும் ஆண்ட்ராய்டோடு, கட்சிக் கொள்கைப்படி, சுதந்திரமாக இருக்கிறேன்.

ஆனால் அவள் கேட்ட அந்தக் கேள்வி கைப்பேசியோடு முடியவில்லை. மறுவாரமே மளிகைக் கடையில், “அவங்க இந்த மிளகாத்தூள்தான் வாங்கச் சொன்னாங்க” என்றேன். “யாரு சார் அவங்க?” என்று கேட்டார் கடைக்காரர். விமலா பக்கத்தில்தான் நின்றாள், அரிசியைப் பார்ப்பதுபோல். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை எனக்கு. நாக்கைக் கண்டிப்பாகப் பழக்கினேன். பழக்கியது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அவளை மட்டுமல்ல, கண்ணில் பட்ட எதையும் மரியாதையாகவே சொல்ல வருகிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் மாப்பிள்ளை கவின் மிகப் பணிவாக, “மாமா, ரசம் இருக்காங்களா?” என்று கேட்கிறார். துணி துவைக்கும் இயந்திரம் நின்றால் தர்ஷினி, “அப்பா, தொவச்சு முடிச்சிட்டாங்க” என்று கத்துகிறாள்.

சென்ற மாதம் கார் கிளம்பவில்லை. மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“தம்பி, காலையில இருந்து எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. ஒரே இருமல். வயசும் ஆயிடுச்சு. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?”



“சார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். என்னை ஏன் கூப்பிடுறீங்க?”

சமையலறையில் விமலா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு, அன்று சாயங்காலத்துக்குள் பண்டார் தெங்காராவில் சம்பந்தி வீடு வரை போய்ச் சேர்ந்துவிட்டது.