காபிப் பாத்திரத்தின் மேல் செய்த சத்தியம்

இந்த ஜூலை மாதம் முழுக்க ஒரு வேலையும் செய்யமாட்டேன் என்று காபிப் பாத்திரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

பாத்திரம் சூடாக இருந்தது. உள்ளங்கை பொரிந்தது. இருந்தும் கையை எடுக்கவில்லை. எங்கள் பின்லாந்தில் வேறு எதன் மேல் செய்த சத்தியத்தை மீறினாலும் பிழைத்துக்கொள்ளலாம். காபியின் மேல் செய்ததை மீறினால் காபி கிடைக்காது.

காரணம் என் மனைவியின் நெஞ்சு. ரைலிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அவள் கையால்தான் சாப்பிடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றாள். ஜூன் மாதம் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நோய் ஒண்ணும் இல்ல. களைப்பு. மருந்து வேண்டாம், அமைதிதான் வேணும். போய்ச் சும்மா இருக்க உங்களுக்கு எங்கயாவது இடம் இருக்கா?"

"இருக்கு டாக்டர். ஏரிக்கரையில ஒரு குடில் இருக்கு" என்றேன் நான்.

"ரொம்ப நல்லது. ஜூலை பூரா அங்க போய் இருங்க."

ரைலி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்றாள் மருத்துவர்.

ரைலி என் பக்கம் கையைக் காட்டினாள். "இவரும் வருவாரே!"

நான் செய்த குற்றம் இதுதான். தம்பேரே நகரத்துப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. வருடத்தில் பதினோரு மாதம் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களை ஓடவிடுகிறேன். ஜூலையில் குடிலுக்குப் போனதும் என் கைகளுக்கு உயிர் வந்துவிடும். சவுனா என்கிற நீராவிக் குளியலறை கட்டினேன். அதன் கதவைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாற்றினேன். விறகுக்கு ஒரு கொட்டகை போட்டேன். கொட்டகை கட்டி மிஞ்சிய பலகைகளை வைக்க இன்னொரு கொட்டகை போட்டேன். காலையில் சுத்தியல், மத்தியானம் ரம்பம், சாயங்காலம் இரண்டும். கரையில் இருந்த வாத்துகள் அடுத்த ஏரிக்குக் குடிபோய்விட்டன. போக இடமில்லாதவள் ரைலி மட்டும்தான்.

மருத்துவர் என்னை எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஆகஸ்ட்ல திரும்ப வாங்க, பாக்கலாம்" என்றாள்.

காரில் ரைலி சொன்னாள்: "ஆகஸ்ட்லயும் நெஞ்சு அடங்கலேன்னா குடிலை வித்துடலாம், என்சியோ."

மெதுவாகச் சொன்னாள். ரைலி எதையும் மெதுவாகச் சொல்கிறவள் அல்ல. அன்றைக்குத்தான் காபிப் பாத்திரம், சத்தியம் எல்லாம்.

குடிலுக்குப் போய்ச் சேர்ந்த உடனே என் கருவிப்பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று நான் போட்ட சங்கிலியைக்கூட அவ்வளவு ஆசையாக அவள் போட்டுக்கொண்டதில்லை.

முதல் நாள் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏரி இருந்தது. வானம் இருந்தது. படகுத்துறையில் ஒரு பலகை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது திருப்பிக்கொள்ளவில்லை.

"என்சியோ! என்ன அது டக்குடக்குன்னு சத்தம்?"

"மரங்கொத்தி."

"மரங்கொத்தி எப்பலேர்ந்து உன் பூட்ஸால பலகையை அடிக்குது?"

மறுநாள் விறகுக் கொட்டகையில் பிடிபட்டேன்.

"இங்க என்ன பண்ற?"

"சும்மா பாத்துட்டு இருக்கேன்."

"கட்டையெல்லாம் தடிமன் வாரியா தானா அடுக்கிக்கிச்சா?"

"இது வேலை இல்ல ரைலி. ரசனை."

"உன் ரசனை விழுற சத்தம் சமையலறை வரைக்கும் கேக்குது. வெளிய வா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் காபி ஊற்றும்போது அவள் இடது கை தானாகவே மேலே போய் நெஞ்சின் மேல் அமர்ந்ததைப் பார்த்தேன், கிளையில் ஒரு பறவை வந்து உட்கார்வதுபோல. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அதற்கப்புறம் நான் ஒரு கட்டையையும் தொடவில்லை. என் கைகளைத் தொடையின் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அப்படியும் உள்ளுக்குள் ஏதோ ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் தன் கை மேலேயே உட்கார்ந்திருப்பான்?

இப்படி இருக்கும்போதுதான் ஒய்வா வந்தான்.

எதிர்க்கரையில் தனியாக இருப்பவன் ஒய்வா. மனைவி போய்ச் சேர்ந்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்பார்கள். அதற்கு முன்பும் அவன் பேசி நான் கேட்டதில்லை. வருவான், காபி குடிப்பான், "ம்" என்பான், போவான். அவனுக்கு அது நீண்ட உரை.

அன்றைக்குப் படகிலிருந்து இறங்கும்போது அவன் கையில் ஒரு ஹௌகி மீன் தொங்கியது. கூர்ப்பல்லும் நீண்ட மூஞ்சியுமாக, என் கை நீளம். எங்கள் ஏரியில் அந்த அளவு மீனை நான் பார்த்ததே இல்லை. அதைவிட ஆச்சரியம், ஒய்வா பேசினான்.

"பாறைத்தீவுக்குப் பின்னால பிடிச்சேன். அங்க ஒண்ணு இருக்கு. இதுக்கு அப்பன்."

"அப்பனா? இதைவிடப் பெரிசா?"

"அது லேசுல மாட்டாது. துடுப்புச் சத்தம் கேட்டாலே போயிடும். இருமினாப் போயிடும். அசையாம உக்காரணும். மணிக்கணக்கா. ஆணி அடிச்ச கைன்னா வாசனையிலயே தெரிஞ்சுக்கும். கொஞ்ச நாள் சும்மா இருந்த கைக்குத்தான் கடிக்கும்."

ஒரு வருடத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டான். மீனுக்குக் குடலெல்லாம் எடுத்துச் சுத்தமாகக் கழுவியிருந்தது. வழக்கமாக அப்படியே கொண்டுவந்து ரைலியின் தலையில் கட்டுகிறவன். இன்றைக்கு என்ன கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒய்வா! 'ம்' என்பதைத் தவிர ஒன்றும் தெரியாத ஒய்வா இதைப் பிடிப்பான், நான் பிடிக்கமாட்டேனா?

"ரைலி, நாளைக்கு நான் மீன் பிடிக்கப் போகட்டுமா?"

"கூடாது."

"மீன் பிடிக்கிறது வேலையா?"

"வேற யாராவது பிடிச்சா வேலை இல்ல. நீ பிடிச்சா மொதல்ல படகுக்குத் தார் பூசணும்பே. அப்புறம் மீன் புகைபோட அடுப்பு கட்டணும்பே. அடுப்புக்கு மேல கூரை போடுவே. கூரைக்குப் பக்கத்துல கொட்டகை. நீ படகைத் தொடவே கூடாது. சத்தியம் ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. அன்று முழுக்க அந்த அப்பன் மீனும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை நான் ஒரு ராஜதந்திரியானேன்.

"ஒய்வா வீட்டுக்குக் கரையோரமா நடந்து போய்க் கொஞ்சம் பேப்பர் படிச்சுட்டு வரேன் ரைலி."

"போய்ட்டு வா" என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். பாவம், வெள்ளை மனசு!

தூண்டிலை முந்தின நாளே நாணல் புதருக்குள் ஒளித்து வைத்திருந்தேன். படகை எடுத்தேன். துடுப்பு மாட்டும் வளையம் எப்போதும் கழுதைபோலக் கத்தும். அன்று சத்தமே இல்லை. யாரோ எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போனது. உட்காரும் பலகையின் மேல் ஒரு மெத்தை வேறு கிடந்தது. ஒய்வா மறந்துவிட்டுப் போயிருப்பான். நல்ல காலம் பிறந்தால் எல்லாமே கூடி வருகிறது.

பாறைத்தீவுக்குப் பின்னால் காற்று கிடையாது. தண்ணீர் கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. சின்ன மீன் ஒன்றை முள்ளில் கோத்து இறக்கினேன். சிவப்பு மிதவை நின்றது. அசையாமல் உட்கார்ந்தேன். கொசு கடித்தது, அடிக்கவில்லை. மூக்கு அரித்தது; சொறியவில்லை. தும்மல் வந்தது, விழுங்கினேன். மீன் வரவில்லை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். ரைலியிடம் ஒருநாள் பேப்பர் என்றேன், ஒருநாள் நீலப்பழம் பறிக்க என்றேன், ஒருநாள் ஒய்வாவுக்கு மனசு சரியில்லை என்றேன்.

"அவனுக்கு ஆறுதலா நாலு வார்த்தை பேசிட்டு வா. அவசரப்படாத. சாயங்காலம் வரைக்கும் இரு" என்று ஏலக்காய் பன்னைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பன் நன்றாக இருந்தது.

எந்த நாளிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை, எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ரம்பம் நின்றுபோயிற்று. நின்றபோது தெரியவில்லை. நின்றபின் கேட்ட மற்றச் சத்தங்களை வைத்துத்தான் தெரிந்தது. நாணலுக்குள் தண்ணீர் நக்குகிற சத்தம். தூரத்தில் ஏதோ ஒரு பறவை, யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி கூவுவது. பிர்ச் மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. எத்தனையோ கோடைகளாக இவையெல்லாம் இங்கேயேதான் இருந்திருக்கின்றன. நான் ஆணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் மிதவை அசைந்தது. ஒரு தடவை முங்கி எழுந்தது. அப்பன் வந்துவிட்டான்! தூண்டிலைத் தூக்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் யார் எழுந்து தூக்குவது? மிதவை இன்னும் இரண்டு தடவை முங்கியது. அப்புறம் அதுவும் சும்மா இருந்துவிட்டது. நான் மெத்தையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். கண் விழித்தபோது படகு தானாகவே நாணலில் போய் ஒதுங்கியிருந்தது. யாரும் அதற்கு அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை.

ஜூலை முடிந்தது. ஆகஸ்டில் மருத்துவரிடம் போனோம். ரைலியின் நெஞ்சில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டாள். நான் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

"கடிகாரம் மாதிரி ஓடுது. தூக்கம் எப்படி?"

"அடிச்சுப் போட்டாப்பல தூங்குறேன் டாக்டர்."

குடில் பிழைத்தது. அந்தச் சனிக்கிழமை அங்கே போய்ச் சவுனாவைச் சூடு பண்ணினோம். மேல்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சவுனாவுக்குள் எங்கள் ஆட்கள் பொய் சொல்லமாட்டார்கள். உடுப்பில்லாத உடம்பில் எதையும் ஒளித்துவைக்க இடமிருக்காது. தவிர, சந்தோஷமும் வெப்பமும் சேர்ந்து என்னைக் கொஞ்சம் வீரனாக்கிவிட்டன.

"ரைலி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ஜூலை பூரா நான் ஒய்வா வீட்டுக்குப் போகவே இல்ல. உன் கண்ணுல மண்ணைத் தூவிட்டுத் தினம் தீவுக்குப் பின்னால மீன் பிடிக்கப் போனேன்."

ரைலி அகப்பையில் தண்ணீர் எடுத்துச் சூடான கல்லின் மேல் ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவி எழும்பி எங்கள் இருவரையும் மூடியது. ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வளையத்துக்கு எண்ணெய் போதுமா இருந்துச்சா?"

நான் வாயைத் திறந்தேன். ஆவிதான் உள்ளே போனது.

"மெத்தை முதுகுக்கு எப்படி இருந்துச்சு? அந்தப் பலகைல உக்காந்தா உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

"அப்போ... அந்த ஹௌகி?"

"தம்பேரேல மார்க்கெட்ல வாங்குனது. குடல் எடுத்த மீன் ஏரியில நீந்துமா, என்சியோ?"

"ஒய்வா அவ்வளவு பேசினானே! அதுக்கு அப்பன் இருக்குன்னானே!"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாவம், ரெண்டு நாள் மனப்பாடம் பண்ணான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தட்டு பன் கேட்டான். கொடுத்தேன்."

"நேரா 'போய் மீன் பிடி'ன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா படகுக்குத் தார் பூசியிருப்பே."

பிறகு கேட்டேன்: "நான் இல்லாத நேரத்துல நீ என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல" என்றாள் ரைலி. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

இரவு தூங்கி எழுந்ததும் எனக்கு ரோஷம் வந்தது. ஒரு ஆம்பிளையை இப்படியா முட்டாளாக்குவது? ஜூலையோடு சத்தியம் முடிந்தது. வைத்தியமும் முடிந்தது.

"ரைலி! பெட்டிச் சாவியைக் கொடு!"

"எதுக்கு?"

"வேலை செய்யப்போறேன். பாறைத்தீவுல ஒரு பெஞ்சு அடிக்கப்போறேன். மீன் பிடிக்க இல்ல, உக்கார இல்ல, ஓய்வெடுக்க இல்ல. உன்மேல கோவம், அதனால அடிக்கப்போறேன். சத்தம் உன் காதுக்கு வராது, கவலைப்படாதே!"

உடனே கயிற்றைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். "மத்தியானத்துக்கு மேல மழை வரலாம். பாத்துப் போ" என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று புரிந்துகொண்டேன்.

பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்தேன். கனமாகத்தான் இருந்தது. துடுப்பைத் தண்ணீரில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு தீவுக்குப் போனேன். நல்ல தட்டையான பாறையாகப் பார்த்து இறங்கினேன். சட்டைக் கையைச் சுருட்டினேன். பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ஒரு கம்பளிப் போர்வையும் தலையணையும் ஏலக்காய் பன்னும் பிளாஸ்கும் இருந்தன. காபி இன்னும் கொதிக்கக் கொதிக்க இருந்தது.