வயலை விட்டு வெளியேறாத தாட்சாயினி

மூன்றாவது தடவையும் அலுவலகத்துச் சேர்வர்க் கணினி அதே பதிலைத்தான் சொன்னது. வன்தட்டை யாரோ பாவித்துக்கொண்டிருக்கிறார்கள், கழற்ற முடியாது.

பிரஷாந்தினி களஞ்சிய அறையில், விதைநெல் மூட்டைகளுக்கும் சேர்வருக்கும் நடுவே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். சேர்வருக்குள் இருந்த வன்தட்டு பல்லி சொல்வதுபோல விட்டுவிட்டுச் சத்தமிட்டது. வாசலில் நின்ற செயலாளர் வீரகத்தி அந்தச் சத்தத்தை விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார். இரட்டைப்படையில் நின்றால் நல்லதென்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"பத்து நிமிச வேலையெண்டு சொன்னனீர், பிள்ளை."

"ஓம் ஐயா. ஆரோ உள்ளுக்கை நிக்கினமாம். அவை வெளிக்கிட்டால் பத்து நிமிசம்தான்."

முரசுமோட்டையில் இருந்த அந்த அலுவலகம் சுற்றுவட்டாரக் கமக்காரர் சங்கங்களுக்குப் பொதுவானது. அவர்களுடைய எல்லாப் பதிவுகளும் அந்த ஒரு வன்தட்டில் இருந்தன. அதற்கு யாரோ ஒரு காலத்தில் 'வயல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வயலுக்குள் சிறுபோகத்துக்குத் தண்ணீர் பெறும் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பட்டியல் இருந்தது. குளத்தில் இருக்கும் தண்ணீர் எல்லாருக்கும் காணாது என்பதால், யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பிரித்து முடிக்க மூன்று கிழமை எடுத்தது. ஐந்து கூட்டங்கள், இரண்டு வெளிநடப்புகள், ஒரு கதிரை முறிவு. கடைசித் திருத்தத்தைப் பிரஷாந்தினி நேற்றுப் பின்னேரம்தான் பதிந்தாள். இன்று மூன்று மணிக்குக் கூட்டத்தில் பட்டியலை வாசிக்க வேண்டும். திங்கட்கிழமை வாய்க்காலில் தண்ணீர் வரும்.

காலையில் வந்து பட்டியலைத் திறந்தபோது அது பாதியில் உறைந்து நின்றது. அப்போதுதான் பல்லிச் சத்தமும் தொடங்கியது.

வவுனியாவில் கணினிக் கடை வைத்திருந்த பைறூஸ் தொலைபேசியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வைத்தியர் மாதிரி, தொலைபேசியை இன்னும் கிட்டப் பிடிக்கச் சொன்னார். பிறகு சொன்னார், மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம், நிறுத்தினால் அது திரும்பச் சுற்றாது. ஓடியபடியே, ஒருவரும் பாவிக்காத நிலையில் கழற்றி, ஒரேயொரு தடவை முழுப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு மேல் அது தாங்காது.

"கழட்டுறதெண்டால் ஸ்குரூ கழட்டுறதில்லை, தங்கச்சி. சேர்வரிட்டை அந்தத் தட்டை விட்டிடு எண்டு சொல்லுறது. ஆள் உள்ளுக்கை நிக்கேக்கை அது விடாது. ஆர் நிக்கினமெண்டு முதல் பாரும்."

பார்த்தாள். பட்டியலைத் திறந்துவைத்த ஐந்து கணினி நிரல்கள் வயலுக்குள் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர்.

அந்த அலுவலகத்தின் பழக்கம் அப்படி. பட்டியலை முதலில் திறப்பவருக்குத்தான் திருத்தும் உரிமை, சேர்வரில் நேரே பதியும் பிரஷாந்தினியைத் தவிர மற்றவர்கள் வாசிக்கலாம், அவ்வளவுதான். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்த வருடத்தில் ஊரே வெறும் கான்களை வரிசையில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுச் சமைக்கப் போனது. கான் நின்றால் ஆள் நின்ற மாதிரி. தட்டுப்பாடு முடிந்த பின்னும் அந்த வித்தை கையை விட்டுப் போகவில்லை. விதைப் பிரிவுச் சுமித்திராவும் வாய்க்கால் பிரிவு நிஷாந்தனும் பட்டியலைத் திறந்து இடம் பிடித்துவிட்டு, வாரக்கணக்கில் மூடாமலே வீட்டுக்குப் போய் வந்தார்கள். பிரஷாந்தினிக்கு உள்ளூர அவர்கள் மீது ஒரு மரியாதைகூட வந்தது. பிடித்த இடத்தை இப்படி விடாமல் வைத்திருக்க எல்லாராலும் முடியாது.

அவள் முன் அறைக்குப் போய் இருவரையும் பணிவாகக் கேட்டாள்.

"நான் மூடுவன். மூடின உடனை அவர் திறந்திடுவார்" என்றாள் சுமித்திரா, எதிர் மேசையைப் பாராமலே.

"அவ முதல் மூடட்டும்" என்றார் நிஷாந்தன், தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி.

கடைசியில் வீரகத்தி நடுவில் நின்று மூன்று வரை எண்ணுவதென்றும், இருவரும் ஒரே நேரத்தில் மூடுவதென்றும் முடிவாயிற்று. எண்ணினார். இருவரும் மூடினார்கள். பிரஷாந்தினி ஓடிப்போய்ப் பார்த்தாள். ஐந்தாக இருந்தது ஏழாகியிருந்தது. மற்றவர் ஏமாற்றுவார் என்ற நம்பிக்கையில் ஒவ்வொருவரும் ஒன்றை மூடி இரண்டைத் திறந்திருந்தார்கள்.

இனி மனிதர்களைக் கேட்டுப் பயனில்லை, நிரல்களையே கேட்பதென்று தீர்மானித்தாள். தயவுசெய்து நிறுத்திக்கொள் என்று பணிவாகச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதை ஏழுக்கும் அனுப்பினாள்.

பட்டியலைத் திறக்கும் அந்தப் பழைய நிரலை எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மனிதர்களை நன்றாகத் தெரிந்த ஒருவர். யாராவது தன்னை மூடச் சொன்னால், போகும் முன் தன் கையில் இருக்கும் பட்டியலைப் பாதுகாப்புக்காக அச்சிட்டுவிட்டுப் போகும்படி எழுதியிருந்தார். முன் அறையில் அச்சு இயந்திரம் விழித்துக்கொண்டது. ஏழு பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன, ஆனால் அச்சு முடிந்ததென்ற பதிலுக்காக நிரல்கள் ஏழும் உள்ளேயே காத்து நின்றன.

கூட்டத்துக்கு நேரத்தோடே வந்து விறாந்தையில் இருந்த கமக்காரர்கள் அச்சிடும் சத்தத்தைக் கேட்டார்கள். பட்டியல் வந்துவிட்டது என்று உள்ளே வந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றில் நான்கு இன்று காலை திறந்தவை, பாதியிலேயே நின்றன. மற்ற மூன்றும் இடம் பிடித்த நாட்களின் பட்டியல்கள். ஒன்று மூன்று கிழமைக்கு முந்தியது, ஒன்று முதல் வெளிநடப்புக்கு முந்தியது, ஒன்று கதிரை முறிந்த அன்று எடுத்தது. ஒன்றில் ஐந்து ஏக்கர் வைத்திருந்தவர் இன்னொன்றில் இல்லவேயில்லை. தீர்ந்துபோயிருந்த அத்தனை சண்டைகளும் விறாந்தையில் மறுபடி உயிர்பெற்றன.

"அச்சு இயந்திரமும் இப்ப வயலுக்கை நிக்குது, நானா" என்று பைறூஸிடம் சொன்னாள். "எட்டுப் பேர்."

பைறூஸ் பெருமூச்சு விட்டார். பணிவு போதும் என்றார். கேள்வி கேட்காமல் வெட்டி விழுத்தும் கட்டளையைப் பாவிக்கச் சொன்னார். அதைப் பாவித்தால் நிரலுக்குக் கடைசி வார்த்தை பேசவும் நேரம் கிடைக்காது. பிரஷாந்தினி ஒரு நிமிடம் தயங்கி, மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு அனுப்பினாள். எட்டும் ஓசையில்லாமல் விழுந்தன.

அரை நிமிடம் நிம்மதி. பிறகு நிரல்களுக்கெல்லாம் காவலாக நின்ற ஒன்று எழுந்தது. யாராவது திடீரென்று செத்தால், பட்டியலில் ஏதோ நடந்துவிட்டது என்று கணக்கெடுத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு தொலைபேசிகளுக்கும் ஒரு செய்தி அனுப்புவது அதன் வேலை. 'நீர்ப் பட்டியல் மாறியுள்ளது. உடன் அலுவலகம் வரவும்.' எட்டுப் பேர் செத்தபடியால் எட்டுத் தடவை அனுப்பியது. அந்தக் கடமையுணர்ச்சியை அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அனுப்பி முடித்ததும் அதையும் வெட்டினாள்.

பதினொரு மணிக்கு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் வரத் தொடங்கின. பன்னிரண்டு மணிக்கு வீதியில் நிறுத்த இடமில்லை.

"பிள்ளை, சனம் என்னைக் கேக்குது" என்றார் வீரகத்தி. எண்ணுவதை அவர் நிறுத்தவில்லை. இருநூற்று நாற்பதில் நின்றார்.

"இப்ப ஒருத்தர்தான் ஐயா மிச்சம்."

"ஆர்?"

பட்டியல் நிரல்களை மட்டும் எண்ணியதில், அடியில் நின்ற அந்த ஒரு வரியைப் பிரஷாந்தினி காலையில் பொருட்படுத்தவில்லை. இப்போது திரையைத் திரும்பவும் வாசித்தாள். "தாட்சாயினி."

அந்தப் பெயரைக் கேட்டதும் சுமித்திராவும் நிஷாந்தனும் மேசைகளை விட்டு எழுந்து வந்தார்கள். தாட்சாயினி அங்கே ஆறு வருடம் வேலை செய்தவள். இரண்டு வருடத்துக்கு முன் துணுக்காய்க்கு மாற்றலாகிப் போனாள். பிரஷாந்தினி அவளைக் கண்டதில்லை, ஆனால் வந்த மூன்று மாதமும் அவளைப் பற்றிக் கேட்காத நாளில்லை. வெள்ளம் வந்த வருடம் இந்தச் சேர்வரை மடியில் வைத்துக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியில் பள்ளிக்கூடம் வரை போனவள் அவள். ஒரு கூட்டத்தில் இரண்டு சங்கத் தலைவர்கள் கையை ஓங்கியபோது, கதிரையை நடுவில் போட்டு அமர்ந்து, பட்டியலை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியவள். களஞ்சியப் பூட்டுக்குரிய திறப்பை இன்றைக்கும் 'தாட்சாயினியின் திறப்பு' என்றுதான் சொல்வார்கள். ஆகவே அவள் இன்னும் உள்ளே நிற்பதைக் கேட்டு ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"அவா போகேக்கை அழுதவா" என்றார் நிஷாந்தன். "நான் அப்பவே நினைச்சனான், இவா முழுசாப் போகேல்லையெண்டு."

தொலைபேசி எடுத்தார்கள். மணி அடித்தது, பதில் இல்லை. வேறு வழியில்லாமல் பிரஷாந்தினி தாட்சாயினியையும் வெட்டினாள். வெட்டிய கணத்தில் அவளுடைய திரையே இருண்டது. பிறகு தானாகத் திறந்து அவளை உள்ளே விட்டது. பார்த்தால், வயலுக்குள் தாட்சாயினி நின்றாள். இப்போதுதான் வந்தாளென்று நேரமும் போட்டிருந்தது.

மறுபடி வெட்டினாள். மறுபடி திரை இருண்டது, மறுபடி தாட்சாயினி.

"நானா, நான் அவாவை விழுத்தினால் அவா என்னையும் வெளியிலை தள்ளிப்போட்டு வாறா."

பைறூஸ் வன்தட்டுகளை அறிந்த அளவுக்கு மனிதர்களை அறிந்தவரல்லர். துணுக்காயில் இருந்து தொலைவழியாக வருகிறாள் என்று முடிவுகட்டி, இணைய வலைக் கம்பியைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினாள். விறாந்தையில் அலுவலக இணையத்தில் படம் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும், இணையம் நின்றதும் எழுந்து களஞ்சிய வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். தாட்சாயினி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கம்பி இல்லாமலும் நிக்கிறா, நானா."

பைறூஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, அவ இப்ப என்ன சம்பளத்திலை வேலை செய்யிறா? என்ரை கடைக்கு வருவாவோ?"

பிரஷாந்தினி கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் பார்த்தபடி இருந்தாள். பயம் போய்விட்டது. இப்போது இருந்தது வேறொன்று. வெளியே சனம் கத்துகிறது, வன்தட்டு சாகிறது, எட்டுப் பேர் விழுந்துவிட்டார்கள், காவல்காரனும் விழுந்துவிட்டான். இந்த ஒருத்தி மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்ற கால் மாறாமல் நிற்கிறாள். எத்தனை தடவை விழுத்தினாலும் எழுந்து வந்து அதே இடத்தில் நிற்கிறாள். தன்னால் என்றைக்காவது இப்படி ஓரிடத்தில் நிற்க முடியுமா? பத்து நிமிட வேலையென்று சொல்லிக் காலையை நாசமாக்கிய தான் எங்கே, அவள் எங்கே. கண் கலங்கியதை அவள் மூட்டைப் பக்கம் திரும்பித் துடைத்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. வந்தவள் ஹெல்மெற்றைக் கழற்றியபோது சனம் தானாக வழி விட்டது. மல்லாவிச் சந்தையைத் தாண்டும் வரை வீதியெல்லாம் புழுதி, முகத்தில் மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன. தகப்பனுடைய இரண்டு ஏக்கரும் பட்டியலில் இருந்தபடியால் தாட்சாயினிக்கும் அந்தச் செய்தி எட்டுத் தடவை போயிருந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, மெலிந்த, சாதாரண ஒரு பெண். பிரஷாந்தினி கதிரையை விட்டு எழுந்து நின்றாள்.

வீரகத்தி தொண்டையைச் செருமினார். "பிள்ளை, நல்ல நேரம் வந்தனீர். குறை நினையாதையும். உம்மை ஒருக்கா வெளியிலை எடுக்கோணும்."

தாட்சாயினி ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தாள். பிறகு பிரஷாந்தினியிடம் காலையிலிருந்து செய்ததெல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் ஒரு தடவை கையால் வாயை மூடிக்கொண்டாள். குனிந்து, நின்றபடியே, மிகச் சிறிய ஒரு கட்டளையைத் தட்டினாள். மூன்றே மூன்று எழுத்து இருக்கும்.

"இப்பக் கழட்டும்."

பிரஷாந்தினி காலையிலிருந்து தட்டிய அதே கட்டளையைத் தட்டினாள். சேர்வர் ஒன்றும் சொல்லவில்லை. அது ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம்.

பிரதி எடுக்கத் தொடங்கியது. நாற்பது நிமிடம் களஞ்சிய அறையில் ஒருவரும் இருமவில்லை. தொண்ணூற்றெட்டு வீதத்தில் வந்து நின்றபோது வீரகத்தி எண்ணுவதை விட்டுவிட்டு மூட்டையைப் பிடித்துக்கொண்டார். வன்தட்டு மூன்று தடவை நீளமாகச் சத்தமிட்டு, ஒரு தடவை முக்கி, நூறைத் தொட்டு ஓய்ந்தது. திரும்ப அது சுற்றவில்லை. பிரஷாந்தினி பிரதியைத் திறந்து கடைசிப் பெயர் வரை இறங்கிப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. நேற்றுப் பின்னேரத் திருத்தமும் இருந்தது.

விறாந்தையில் ஏழு பட்டியல்களையும் அவர்களே கிழித்தார்கள். சுமித்திரா தேநீர் கொண்டு வந்து முதல் கோப்பையைத் தாட்சாயினிக்குக் கொடுத்தாள். பைறூஸ் தொலைபேசியில் தன்னுடைய சலாத்தையும் அவளிடம் சொல்லச் சொன்னார்.

"எட்டுப் பேரை விழுத்தின பிள்ளையாலை உம்மை மட்டும் அசைக்க ஏலாமல் போச்சு" என்றார் வீரகத்தி, குரல் தழுதழுக்க. "துணுக்காயிலை இருந்துகொண்டு இவ்வளவு காலமும் எங்கடை வயலுக்கை நிண்டிருக்கிறீர். எப்பிடிப் பிள்ளை, அந்த மூண்டு எழுத்திலை வெளியிலை வந்தனீர்?"

தாட்சாயினி தேநீரை ஊதிக் குடித்தாள்.

"நான் ரெண்டு வருசத்துக்கு முதலே போயிட்டன், ஐயா. அந்தச் சேர்வர், ஆர் முன்னாலை வந்து இருந்தாலும், இன்னும் என்ரை பேரிலை நேரை வயலுக்கைதான் கொண்டுபோய் விடும். அந்த மூண்டு எழுத்து, வயலை விட்டு வெளியிலை போ எண்டதுதான். காலமையிலையிருந்து அசையாமல் உள்ளுக்கை நிண்டது உங்கடை பிரஷாந்தினி."