மாமனார் குரலுக்கு விழுந்த வெட்டு

பாதி தெரிந்தவனிடம் மைக்செட்டைக் கொடுக்கக் கூடாது. அவனே மாப்பிள்ளையாகவும் இருந்தால் கொடுக்கவே கூடாது. என் நிச்சயதார்த்தத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில், தரப் பிரிவில் வேலை. பெண் சரளா, நாகரசம்பட்டிக்காரி. அவள் அப்பாவுக்கு மாந்தோப்பு. தோப்பின் ஒரு முனையில் நின்று மறுமுனை ஆளைக் கூப்பிட அவருக்குப் போன் தேவையில்லை. பெயரின் கடைசி எழுத்தைப் பிடித்தால் மூச்சு முடியும்வரை விடமாட்டார். நிச்சயப் பத்திரிகையைச் சபையில் தானே வாசிப்பதாகச் சொல்லியிருந்தார். இரு வீட்டுப் பெயர்களும் சபையில் கேட்டால்தான் நிச்சயம் ஆனதாகக் கணக்கு.

குருபரப்பள்ளியில் சாலையோர மண்டபம். மைக் ‘ஊய்ங்’ என்று ஊளையிட்டது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பினால் போதும் என்றார் மைக்செட்காரர். (கேட்டிருக்கலாம்.) கம்பெனி விழாவில் ஒருமுறை மைக் பார்த்துக்கொண்ட தெம்பில், நான் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் லேப்டாப்பை மாட்டினேன். அதில் ஊளையை அடக்கும் சாஃப்ட்வேர் இருந்தது. எந்தச் சுருதியில் ஊளை வருகிறதோ, அதை மட்டும் மெல்லிசாக வெட்டிவிடும். நாட்ச் ஃபில்டர் என்று பெயர். ஊளை நின்றதும் வெட்டை எடுத்துவிடவா, அப்படியே வைக்கவா என்று கேட்டது. ஒரு தடவை வந்த குறை மறுபடி வரவே கூடாது என்பது எங்கள் தரப் பிரிவின் வேதம். அப்படியே வை என்றேன். இருக்கிற ஃபில்டரை எல்லாம் பயன்படுத்திக்கொள் என்றும் தாராளமாக அனுமதித்தேன். மாமனாரிடம் போய், “மைக் இருக்கு மாமா, மெதுவா வாசிச்சாப் போதும்” என்று வேறு சொல்லிவைத்தேன்.

ஊளை எது, மாமனார் எது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. நீளமாக ஒலிப்பதெல்லாம் அதற்கு ஊளைதான்.

அவர் தன் வீட்டுப் பெயர்களில் தொடங்கினார். கணீரென்று கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வெட்டு விழுந்துகொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. என் வீட்டுப் பெயர்களுக்கு வந்தபோது குரல் தகர டப்பாவுக்குள் போய்விட்டது. நான் பட்டு வேட்டியோடு மேடையிலிருந்து நழுவி, ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்தி, சத்தத்தைக் கூட்டினேன். மைக் ஊளையிட்டது. அதற்கும் சேர்த்து வெட்டு விழுந்தது. என் தாத்தா பெயர் வந்தபோது மாமனாரின் வாய் மட்டும்தான் அசைந்தது.

என் தாய்மாமா எழுந்துவிட்டார்.

“பொண்ணு வீட்டுப் பேரெல்லாம் நல்லாக் கேட்டுச்சு. எங்க பேரு வரவும் வாய்க்குள்ளயே முழுங்குறாகளே, என்ன விசயம்?”

எங்கள் பக்கம் இரண்டு வரிசை அவரோடு எழுந்தது. வேனை எடுக்கச் சொல்லலாமா என்று யாரோ கேட்டார்கள். மாமனார் முகம் இறுகிப்போய்ப் பத்திரிகையை மடிக்க ஆரம்பித்தார். சரளாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எழுந்துபோய் உண்மையைச் சொல்லத்தான் கால் வரவில்லை.

சரளா மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். ஒயரைப் பிடுங்கினாள். ‘டப்’ என்ற சத்தத்தில் மண்டபமே அடங்கியது.

“எங்கப்பா எல்லாரு பேரையும் வாசிச்சாருங்க மாமா. இவருதான் இங்க உக்காந்து ஒண்ணொண்ணா வெட்டிட்டிருந்தாரு.”

எல்லோரும் ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது என் தாய்மாமாதான். மாமனார் மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, இந்தத் தடவை எங்கள் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். என் தாத்தா பெயரை அவர் இழுத்த இழுப்பு, கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு எங்கள் மகளுக்குப் பெயர் வைக்கும் நாள் வந்தது. குழந்தையின் காதருகே குனிந்த மாமனார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மாப்ள, ரெண்டு கையையும் மேல தூக்குங்க. அப்பறந்தான் பேரு சொல்லுவேன்.”

தூக்கினேன். அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. எல்லோரும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் போலீஸில் பிடிபட்டவன் மாதிரி நிற்கிறேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடப் பாட்டை வீட்டில் பாடிக்காட்டுவதற்கு முன்னால், “அப்பா, கை” என்கிறாள்.