எட்டுத் தட்டில் நிற்கும் பாட்டு

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் தங்கை, உங்கள் மகள் மூவரும் உடல் அளவில் நலம். அங்கும் எல்லோரும் நலமாக, முக்கியமாக அமைதியாக, இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலை கிடைக்கும்வரை எங்கள் மாடி அறையில் தங்கட்டும் என்று நீங்கள் அனுப்பிவைத்த பெண், கம்ப்யூட்டரில் இசையமைக்கக் கற்றுக்கொள்கிறாள். கற்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பயிற்சி என்று தினம் ஒன்று செய்கிறாள் பாருங்கள், ஒரு நாள் ட்ரம்ஸ் சத்தம் மட்டும், மறுநாள் ஒரே ஒலியைப் பிசைந்து இழுத்துப் பத்து விதமாக்குவது, அதற்கும் மறுநாள் யாரோ போட்ட பாட்டைக் காதால் கேட்டே அச்சு அசலாகத் திரும்பச் செய்வது, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேளம்மா என்றால் ஸ்பீக்கரில் கேட்டால்தான் குறை தெரியுமாம். எதுவானாலும் தாளத்தில் எட்டே தட்டு. எட்டாவதில் இதோ முடிகிறது என்று நான் மூச்சுவிடப் போகும்போது மறுபடி முதல் தட்டு. காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தைக் கண்டாலே கை பேனாவைத் தேடும். சவரக் கத்தி பிடித்த கையும் தேடியதில் கன்னத்தில் கீறல். உங்கள் தங்கையோ அந்தத் தாளத்துக்கே உப்புப் போடுகிறாள், எட்டுத் தட்டுக்கு எட்டுச் சிட்டிகை, சாப்பிடுகிறவன் நான்.

பொறுக்கமுடியாமல் மாடிக்குப் போனேன்.

"ஏம்மா, இதை முடிக்கவே மாட்டியா?"

"இது பயிற்சி மாமா. முடிக்கிறது தனிப் பயிற்சி, அது இன்னும் வரல."

"எப்போ வரும்?"

"அதுதான் எல்லாத்தையும்விடக் கஷ்டமாம். எனக்கே பயமா இருக்கு."

அடுத்தது, வீட்டுச் சத்தங்களை மட்டும் வைத்துப் பாட்டுச் செய்யும் பயிற்சி. ஃப்ரிட்ஜின் முனகல், கதவுக் கீல், உங்கள் தங்கையின் தும்மல். தும்மலைத் தலைகீழாகத் திருப்பி ட்ரம்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் போட்டிருந்தாள். இதில் சண்டை வரும், தொல்லை அதோடு தீரும் என்று ஆவலோடு காத்திருந்தேன். உங்கள் தங்கை மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, "அது அரைத் தும்மல்டி, சரியா விழல. இரு, நல்லதா ஒண்ணு தர்றேன்" என்று மிளகுத்தூள் டப்பாவைத் திறந்தாள். "பதிவு நடக்குது, இருமாதீங்க" என்று என் வீட்டிலேயே என்னை வெளியே விரட்டினார்கள். எரிச்சலில், "முடிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்தக் கூத்து" என்று வாயை விட்டேன். பெண் கம்ப்யூட்டரை மூடினாள். அன்றிலிருந்து மாடி ஊமை, உங்கள் தங்கையும் ஊமை, சத்தத்தில் வராத தூக்கம் அமைதியிலும் வராமல் நான் ஒருவன். ஆகவே அவளுக்கும் எனக்கும் நிம்மதி வேண்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணை அழைத்துப்போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், காதுள்ள அனைவருக்கும் அனுதாபமும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மேலிருந்து கூப்பிட்டாள். "மாமா, முடிச்சுட்டேன். ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க." இத்தனை நாளும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்தாளாம். கேட்டேன். எட்டைத் தாண்டி எங்கெங்கோ போய், ஒவ்வொரு சத்தமாகக் கழன்று, கடைசியில் ஃப்ரிட்ஜ் மட்டும் தனியாக முனகி ஓய்ந்தது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "முடிவு கொஞ்சம் அவசரம்மா, இன்னும் ரெண்டு சுத்து விடு" என்றேன். திருத்துகிறாள்; கூட உட்கார்ந்து கேட்க என்னை விட்டால் ஆளில்லை. எனவே அழைத்துப்போக வரவேண்டாம். சும்மா வருவதானால் உங்கள் பழைய ஸ்கூட்டரில் வாருங்கள். தயவுசெய்து பழுது பார்த்துவிடாதீர்கள். அது கிளம்ப மறுக்கும் சத்தம் எங்களுக்கு வேண்டும்.