அம்புக்குறி திரும்பிய கதை

மின் இணைப்பு கேட்பவர்கள், மின்சாரம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று விண்ணப்பத்தில் அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும் என்பது அலுவலக விதி. முட்டைக்காரம்மாவும் போட்டிருந்தாள், கம்பத்திலிருந்து வீட்டுக்கு. வீட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் முந்நூறு முட்டை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் பரிதாபப்பட்டு, பத்து நாளைக்கு மட்டும் ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தார். அதற்குள் இணைப்பு வராவிட்டால் முந்நூறும் போச்சு.

பிரிவு அதிகாரி அப்போதுதான் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய், சான்றிதழும் தோள்பையும் அரைகுறை ஞானமும் வாங்கி வந்திருந்தார்.

"அம்பு தப்பும்மா. எலக்ட்ரான் எதிர்ப்பக்கமாத்தான் ஓடும். இது விஞ்ஞானம்."

முட்டை பிழைத்தால் போதும் என்று அவளும் அம்பைத் திருப்பிப் போட்டாள். அதிகாரியின் முகம் மாறியது.

"அப்போ கரண்ட் உங்க வீட்டிலிருந்துல்ல வருது! நீங்க நுகர்வோர் இல்லம்மா, உற்பத்தியாளர். முதல்ல அதுக்கு உரிமம் வாங்குங்க."

"சார், எங்க வீட்டுக்கு இன்னும் லைனே வரலை, ஒரு பல்புகூட எரியலையே!"

"எப்படி எரியும்? எல்லாத்தையும் எங்களுக்கு அனுப்பிடறீங்களே!"

ஆறு வருஷமாகத் தெருவிளக்கு மாற்றாத அலுவலகம், இந்த மகத்தான உண்மையை ஒரே நாளில் சுற்றறிக்கையாக அடித்துவிட்டது. உரிமமோ தங்க முத்திரை வைத்த தாள். பல் டாக்டர் முதலில் வாங்கி வரவேற்பறையில் மாட்டினார். பிறகு தெரு சும்மா இருக்குமா? வாசலுக்கு வாசல் 'மின் உற்பத்தியாளர்' பலகை. தையல்காரர் தன் பெயருக்குப் பின்னால் 'மி.உ.' என்று போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் முட்டைக்காரம்மாவும் ஒன்று வாங்கினாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தெரு முழுக்க மின்விசிறிகள் நின்றன. உற்பத்தியாளர்களுக்கு எதற்கு விநியோகம் என்று மேலிடம் லைனைத் துண்டித்துவிட்டது. அந்தத் தெருவிலேயே இருந்த அலுவலகத்துக்கும் சேர்த்துத்தான்.

மறுநாள் காலை முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். தெருவே அவள் பின்னால் போயிற்று. அதிகாரி ஒரு கோப்பால் விசிறிக்கொண்டு வியர்வையில் நனைந்திருந்தார்.

"என் முந்நூறு முட்டையும் செத்துப்போச்சு சார்!"

"நல்லா வந்து கேட்டீங்க!" என்று சீறினார் அதிகாரி. "தெருவே உரிமம் வாங்கி மாட்டி வெச்சிருக்கீங்க. ஒருத்தராவது கரண்ட் அனுப்புனீங்களா? இப்படிப் பொறுப்பில்லாம இருந்தா நாங்க எப்படி ஆபீஸ் நடத்துறது?"

பின்னாலிருந்து தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். நாளையிலேர்ந்து கண்டிப்பா அனுப்பிடறோம்."